ஒரே திரையில் இருவர்

மாத்தளை ரயில் மஹய்யாவச் சுரங்கத்துக்குள் நுழையுமுன் ஒருமுறை ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் என் வலது பெருவிரல் தானாக ஒரு பொத்தானைத் தேடுகிறது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாலும் சரி, துணி மடித்துக்கொண்டிருந்தாலும் சரி. தங்கை போய்விட்டாள் என்ற செய்தி விரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

சுரங்கத்தின் வாய்க்கு மேலே எங்கள் வீடு. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும், மேசை நடுங்கும், மேசைமேல் கணினி நடுங்கும். அந்த மேசையில்தான் நானும் அவளும் மாலையில் விளையாடுவோம். இரண்டு பெண்கள், இருவருக்கும் நரை, ஒரு திரை. கையில் பிடித்து அழுத்தி ஆடும் கன்ட்ரோலர்களில் புதியது எனக்கு. கெலிஓயாவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது அவளுக்கு. கடலோரப் பாறைகளில் இரண்டு சிறு உருவங்கள் நடந்துபோகும் விளையாட்டு. என் உருவம் விளக்குப் பிடிக்கும், அவளுடையது தாண்டிக் குதித்துக் கயிறு போடும். ஒருத்தி இல்லாமல் மற்றவள் அடுத்த பாறைக்குப் போக முடியாது. ரயில் ஊதியதும் இருவரும் பொத்தானை அழுத்தி உருவங்களை உட்கார வைத்துவிடுவோம். மேசை ஆடும்போது நடந்தால் கடலில் விழ வேண்டியதுதான். ரயில் போய்த் தீரும்வரை அவை பாறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். நாங்களும் பேசாமல் இருப்போம். வேறெந்த மௌனத்திலும் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

அவளுக்கு வேலையும் அதே மேசையில்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இணையத்தில் நடத்தும் விளையாட்டுக் கடைக்கு வேலை செய்தாள். அள்ள அள்ளக் குறையாமல் விளையாட்டுகள் குவிந்துகிடக்கும். உள்ளே வருகிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்க வடிகட்டிகள் வேண்டும். எந்தெந்த வடிகட்டி கடையில் தனக்கென்று உள்ள பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அவரே தெரிவு செய்து சேமித்துவைக்க வேண்டும். அதைச் செய்துகொடுப்பது அவள் பொறுப்பு. சோதித்துப் பார்க்கும் ஆள் நான்.

"உனக்கு விளங்கிச்சுன்னா உலகத்துக்கே விளங்கும்" என்பாள்.

"வடிகட்டின்னா தேத்தண்ணி வடிகட்டி மாதிரியா? அதுல தங்குறது சக்கைதானே. சக்கையத்தான் சனங்களுக்குக் காட்டப்போறியா?"

"ஐயோ அக்கா, வாய மூடிக்கிட்டு டிக்கப் போடு."

போட்டேன். துப்பாக்கி வேண்டாம். இரத்தம் வேண்டாம். பேய் வேண்டாம். சிலந்தி வேண்டவே வேண்டாம். பந்தயக் கார் வேண்டாம், தலை சுற்றும். ஒவ்வொன்றுக்கும் பக்கம் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் வெள்ளையாக நின்றது.

"கடையவே இழுத்து மூடிட்டியே! உன்ன மாதிரி நாலு பேர் வந்தா என் வேலை போயிரும்" என்று சிரித்தாள். மறுநாள் அந்த வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'ஒன்றைத் தளர்த்திப் பாருங்கள்.' எதைத் தளர்த்தினால் என்னென்ன திரும்பி வரும் என்பதும் கீழே இருந்தது. எனக்காகச் செய்தது. இன்று யார் யாருடைய திரையிலோ அது தெரிகிறது.

பிறகு நான் ஒன்று கேட்டேன். தூரத்தில் இருப்பவரோடு ஆடக்கூடியதைத் தேட வழி இருந்தது. தனியாக ஆடக்கூடியதைத் தேடவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆடுவதைத் தேட மட்டும் வழியில்லை.

"அதெல்லாம் இப்ப யாரு அக்கா தேடுவா?"

"நான் தேடுவேன்."

கணினியில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில் அவள் அதற்காக வாதாடியதை அடுப்படியிலிருந்து கேட்டேன். ஆங்கிலம் வேகவேகமாக ஓடியது. நடுவில் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள். 'ஒரே திரையில் இருவர்' என்ற வடிகட்டி கிடைத்தது. வேண்டியவர் தாமே தம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சாமி படம் மாட்டுவதுபோல அதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

வேலை அவர்களுக்குப் பிடித்துப்போனது. மெல்பர்னுக்கே வந்துவிடு என்றார்கள். நான் டிக் போட்டுப் போட்டுத் தேய்த்துக் கொடுத்த வேலைதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. "போடி, நல்லா இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல? அந்த நாட்களில் கண்டியில் மழை விடவே இல்லை. அவளுடைய சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து மடித்தேன். ஈரம் ஆவியாகி ஜன்னலில் படிந்து, எதிர் மலையை மறைத்தது. மலைக்கும் யாரோ வடிகட்டி போட்டுவிட்டார்கள்.

அவள் புறப்படும் வாரத்தில் ஒரு காலை கடையைத் திறந்தேன். என் பக்கம் மாறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 'தனியாக'. அதன்கீழே 'இடையில் நிறுத்தலாம்', 'அவசரமில்லை'. 'ஒரே திரையில் இருவர்' இல்லை. தோட்டம் போடும் ஒருத்தி, கலங்கரை விளக்கில் ஒருத்தி, பூனையோடு ஒருத்தி. எல்லாம் அழகான விளையாட்டுகள்தான். ஆள் போவதற்கு முன்பே அவள் உட்காரும் கதிரையை எடுத்து மூலையில் சாத்தியதுபோல இருந்தது. சாத்தியவளும் அவளே.

அன்று ரொட்டி சுட்டேன்.

"என்னாக்கா, மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"வெங்காயம்."

"ரொட்டியில ஏது வெங்காயம்?"

"சம்பலுக்கு உரிச்சேன்டி, தின்னு."

அவள் குளிக்கப் போனபோது 'ஒரே திரையில் இருவர்' வடிகட்டியைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

வேன் வந்தது. பெட்டிகள் ஏறின. விமான நிலையம் போகும் வழியில், கடுகண்ணாவையில் வாகனங்கள் தேங்கி நிற்கின்றனவாம், டிரைவர் அவசரப்படுத்தினார். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"என் பக்கத்த ஏன்டி மாத்துன?"

"மாத்தாம போனா நீ தெனமும் அதையே தொறப்ப. என் ஆள ஒரு பாறையில சும்மா நிக்க வச்சிட்டு, உன் ஆளும் போக முடியாம, பாத்துக்கிட்டே இருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

"திரும்ப வச்சிட்டேன்."

"தெரியும். பாத்தேன்."

கீழே ரயில் ஊதியது. வேன் கதவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். பெருவிரல் அசைந்திருக்க வேண்டும். டிரைவர் கதவை இழுத்தார். மூடுமுன் அவள் சொன்னாள்:

"என் ஆள நிக்க மட்டும் வைக்காதக்கா. உக்கார வை."