தோளிறைச்சிக்காக வாங்கிய குண்டு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எவனாவது துப்பாக்கிக் குண்டைக் கறிச்சட்டியை நினைத்துத் தெரிவு செய்திருக்கிறான் என்றால், அது நான்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ... நான் அகதியாக வந்து சேர்ந்த ஹம் நகரத்து வேட்டைச் சாமான் கடை. துப்பாக்கி எண்ணெயும் நனைந்த நாயும் கலந்த மணம். தொழிற்சாலையில் என் ஃபோர்மனாக இருந்த கார்ல் கிழவரின் பேச்சைக் கேட்டு, பரீட்சையெல்லாம் எழுதி, வேட்டை லைசென்ஸ் எடுத்திருந்தேன். முதல் மான் இன்னும் விழவில்லை. ஆனால் இறைச்சி ஏற்கெனவே பங்கு போட்டாயிற்று!

பக்கத்துத் தெரு மலர் அக்கா போனில், “தம்பி, எங்கட பங்கை எலும்போட தாரும்” என்றார். என் மனைவி அவருக்கும் மேலே.

“இஞ்சாருங்கோ, தோளிறைச்சி சிதறாமல் கொண்டு வாங்கோ. ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்.”

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“மானெண்டால் இந்த மென்மையான குண்டு. பட்ட உடனேயே காளான் மாதிரி விரியும். நிண்ட இடத்திலயே விழுந்திடும்.”

“தோள்?”

“கொஞ்சம் பழுதாகும். மற்றது கடினம், பெரிய பன்றிக்கு. மான் உடம்புக்குள்ள அது விரியாது. துளைச்சுக்கொண்டு போயிடும்.”

“பன்றிக்குத்தான்” என்று கூசாமல் பொய் சொல்லி, கடினமானதை வாங்கினேன்.

ஞாயிறு விடியல். சுட்டேன். மான் ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டுக்குள் மறைந்தது.

கார்ல் நாயோடு வந்தார். ரத்தம் இல்லை. ஒரு மயிர்கூட இல்லை.

“என்ன குண்டு போட்டனீர்?”

சொன்னேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

“அப்ப ஊசி மாதிரிப் போயிருக்கும். சின்ன ஓட்டை, ரத்தம் வெளிய வராது. எங்கயோ கிடந்து மெல்ல மெல்லச் சாகும்.”

லீவு போட்டு மூன்று நாள் தேடினேன். முள்ளுப் பற்றை ஒவ்வொன்றாக விலக்கி... கண்டால் போதும், ஒரே வெடியில் அதன் நோவை முடித்துவிடலாம் என்று. காயத்தோடு பற்றைக்குள் கிடப்பது எப்படியென்று நான் யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் ஒருமுறை இரண்டு நாள் அப்படிக் கிடந்தவன்.

“என்ன தம்பி, உங்கட மான் பிரான்சுக்குப் போய் அகதியாப் பதிஞ்சிட்டுதோ?” என்றார் மலர் அக்கா. ஹம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு... சரி, விடுங்கள்.

துப்பாக்கியை விற்றேன். அதற்குப் பிறகு காட்டுப் பக்கமே போகவில்லை.

அப்போது மான் இறைச்சி என்றால் ஊரே போன் எடுக்கும். இப்போது சுப்பர் மார்க்கெட்டில் உறைந்து கிடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் வாங்கி வந்தால் நான் மேசையை விட்டு எழும்பிவிடுவேன். ரயிலில் போகும்போது வயலோரம் மான் நின்றால், இன்றைக்கும் கண் முதலில் அதன் தோளைத்தான் தேடுகிறது... ஓட்டை இருக்கிறதா என்று.

போன மாதம் கார்லின் மகன் ஒரு போட்டோ அனுப்பினான். நான் அன்று சுட்ட இடத்தில் மரம் தறித்தார்களாம். அடிமரத்துக்குள் ஒரு குண்டு, கடின ரகம். அந்தக் காட்டில் அந்த ரகம் போட்டவன் நான் ஒருவன்தான், அதுவும் ஒரே ஒரு வெடி.

மான் நின்ற இடத்திலிருந்து அந்த மரம், பின்னால் அல்ல, பக்கவாட்டில் நாலு முழம் தள்ளி.