உட்காருமா, ஓடுமா

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் ரகரமும் றகரமும் இடம் மாறி வந்திருக்கலாம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தடுமாற்றம் எழுத்தில்தான். நடந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படகு இன்ஜின் பழுது பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. குட்வில் எஸ்டேட்டில் நாங்கள் இருக்கும் வீட்டின் முன்னறையில், எங்கள் தீவிலுள்ள ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாண ஆல்பம் செய்கிறாள். இப்போதைய கேமராக்களின் படங்கள் மிகப் பெரியவை. நாலைந்தை ஒன்றாகத் திறந்தால் மெஷின் அப்படியே நின்றுவிடும். ஆவணி முகூர்த்தத்துக்குள் சரியாகாவிட்டால் ஆல்பங்களைக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கே, சென்னைப் பக்கம், அனுப்பிவிடப் போவதாக ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அங்கே போன வேலை திரும்பி வராது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெமரி கூட்டிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் பிராசசர்தான். அவளுடைய தம்பி சென்னையிலிருந்து கப்பலில் வரவிருந்தான். எட்டாம் தலைமுறை பிராசசர் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று போனில் கேட்டான். மறுநாள் கப்பல். தப்பான பொருள் வந்தால் மாற்றிவர இன்னொரு ஆளைப் பிடிக்க வேண்டும். அதற்குள் ஆவணி முடிந்துவிடும்.

பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் அச்சடித்திருந்த பெயரைப் படம் எடுத்துக்கொண்டு அபர்டீன் பஜாருக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் வங்காளி. படத்தைக் காட்டி, எட்டாம் தலைமுறை இதில் பைட்டேகாவா என்று கேட்டேன். உட்காருமா என்று அர்த்தம். பட்டறையில் பேரிங்கோ சீலோ எதுவானாலும் நாங்கள் இங்குள்ள பொதுமொழியான இந்தியில் அப்படித்தான் கேட்போம். பைட்டேகா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். அந்நியரிடம் அதிகம் பேச எனக்கு வராது. ஒரே வார்த்தையில் முடிந்ததில் மகிழ்ச்சி. மைத்துனனிடம் வாங்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வழியில் வேறொரு பஸ் மேட்டில் நின்றிருந்தது. “பைட் கயா,” என்றார் கண்டக்டர். உட்கார்ந்துவிட்டதாம். இன்ஜின் செத்துப் போனாலும் இங்கே அதே வார்த்தைதான். எனக்குச் சுருக்கென்றது. வேறு மாடல் இன்ஜினின் டீசல் தெளிக்கும் நாசில் அழகாக மரையில் ஏறி உட்காரும், இன்ஜின் கிளம்பாது. எத்தனை பார்த்திருக்கிறேன். நான் கேட்டது உட்காருமா என்றுதான். ஓடுமா என்று கேட்கவே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஒரே கடையில் இரண்டாம் தடவை போய் நிற்பது எனக்குச் சிரமமான காரியம். ஆனாலும் நின்றேன். வங்காளிகளை அண்ணன் என்ற அர்த்தத்தில் தாதா என்று கூப்பிடுவது வழக்கம்.

“தாதா, பைட்டேகா டீக் ஹை. சலேகா க்யா?”

உட்காருவது சரி, ஓடுமா என்றதும் அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நீ கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்றார். இந்தத் தடவை போர்டு செய்த கம்பெனியின் பட்டியலை இணையத்தில் எடுத்துப் பார்த்தோம். அளவு ஒன்றுதான், சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் எட்டாம் தலைமுறையை இந்த போர்டு ஏற்காது, திரையில் எதுவும் வராது. ஏழு ஓடும். அதற்கும் முதலில் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்றார்.

அங்கிருந்தே போன் போட்டேன்.

“மாப்ள, எட்டு வேணாம். ஏழு வாங்கு.”

“இப்பத்தான மச்சான் எட்டுன்னீங்க? கடைக்காரன் பார்சலே கட்டிட்டான்.”

“பிரிக்கச் சொல்லு. எட்டு உக்காரும், ஓடாது.”

“உக்காரும், ஓடாதுன்னா அது உங்கள மாதிரில்ல இருக்கு.”

“அதான், என்னை மாதிரி இன்னொண்ணு இந்த வீட்டுக்கு வேணாம். ஏழு வாங்கு.”

கப்பல் வருவதற்குள் மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போய், மின்சாரம் போனாலும் அணையாதபடி யூபிஎஸ்ஸில் மாட்டி பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். மைத்துனன் வந்த மறுநாள் காலை பிராசசரை மாட்டினேன். அவன் டார்ச் பிடித்தான். சாக்கெட்டில் இருக்கும் ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் போர்டு போய்விடும். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தேன். அழுத்தவில்லை, அதன் கனத்திலேயே இறங்கியது. மேலே சூடு கடத்தும் பசை தடவி ஃபேனை மாட்டினேன். இந்தத் தடவை சந்தேகம் இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. திரையில் புதிய பிராசசரின் பெயர் வந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கல்யாணத்தின் படங்களை மொத்தமாகத் திறந்தாள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் உடனே போனை எடுத்து ஸ்டுடியோவைக் கூப்பிட்டாள்.

“ஆவணி ஆல்பம் எதையும் வெளிய அனுப்பாதீங்க. இங்கயே குடுங்க.”

பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போன கதையை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

“அப்புறம் சொல்லுங்க. வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க,” என்றாள்.

ஆவணி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. அவள் இன்னும் ஆல்பத்தில்தான் இருக்கிறாள், கேட்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதி வைத்தேன்.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை.