காக்காய்க்கு வைக்காத இலந்தை வடை

என் வீட்டுக்குள் இலந்தை வடை வரக்கூடாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், பல்லுக்கு ஆகாது என்று சொல்லித் தட்டிக்கழிப்பேன். பல்லுக்கு ஆகாதாம்! என் வாயில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். எட்டு வயதில் பழகியது, அதனால்தான்.

அப்போது தம்பிக்கு ஐந்து வயது. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றை ஒட்டி எங்கள் ஊர். நைனாவுக்குத் தோல் கிடங்கில் மூட்டை கட்டும் வேலை. அம்மா மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டை உரித்துத் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போட்டுவந்தாள். பொங்கல் கழிந்து இலந்தை பழுக்கும்போது மட்டும் வேலைக்கு ஒருநாள் முழுக்குப் போடுவாள். அந்த ஒருநாள்தான் எங்களுக்குத் திருவிழா.

பழத்தில் புழுப் பார்ப்பது நான். உப்பு, காய்ந்த மிளகாய், வெல்லம், பெருங்காயம் சேர்த்துக் கொட்டையோடு உரலில் இடிப்பது அம்மா. உருட்டி வைத்ததை உள்ளங்கையால் தட்டுவது தம்பி. ஒவ்வொரு வடையிலும் அவன் விரல் ஐந்தும் பதிந்திருக்கும். வெயிலில் மூன்று நாள் காயவேண்டும். முதல் வடை காக்காய்க்கு. எங்கள் தாத்தா காக்காயாக வந்து தின்றுவிட்டுப் போன பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். அதற்கு முன்னால் தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவாள்.

அந்த வருஷம் பழம் ஜாஸ்தி. வீட்டுப் பின்னால் பாறைமேல் விரித்த ஓலைப்பாய் நிரம்பிவிட்டது. மீதியை நாளைக்குத் தட்டலாம் என்று சொல்லிவிட்டு, அம்மா ஆற்று ஊற்றுக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள். எனக்கா பொறுமை? மரப்பெட்டிக்கு அடியில் நைனா போட்டுவைத்திருந்த கோணியின் ஞாபகம் வந்தது. சுவரில் கரையான் ஏறுகிறதென்று, தோல் கட்டி வந்த அந்தக் கோணியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். "இது மொதலாளி கோணி. எவனாவது தொட்டீங்க, என் வேலை பூடும்" என்று எங்களை மிரட்டியும் வைத்திருந்தார்.

ஒருநாள் எடுத்தால் முதலாளிக்கா தெரியப்போகிறது? இழுத்து உதறினேன். வெள்ளையாகத் தூள் பறந்தது. தோல்காரன் பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது? தோலுக்கு உப்புப் போடுவார்கள், அந்த உப்புதான். உப்பு ஏறினால் ருசியும் ஏறும் என்று தம்பியிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். பாறைக்கு மறுபுறம் யார் கண்ணிலும் படாமல் கோணியை விரித்தோம். மிச்சம் அத்தனையையும் அவன் அதில் தட்டினான். உருண்டையெல்லாம் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, பாயிலேயே இடுக்கிவிட்டேன் என்றேன்.

மறுநாள் அம்மா பட்டை உரிக்கப் போய்விட்டாள். காக்காய் விரட்டும் வேலை எங்களுக்கு. ஒரே ஒரு காக்காய் மட்டும் கோணியை விட்டு நகரவே இல்லை. கொத்திக்கொண்டே இருந்தது. கல்லை விட்டெறிந்தேன். பறந்துபோய் வேலியில் உட்கார்ந்தது. உச்சிவெயிலில் போய்ப் பார்த்தால் வேலிக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறது.

ஐயோ! நான் எறிந்த கல்தான் என்று நினைத்தேன்.

"தாத்தாவா அது?" என்றான் தம்பி.

அதுவரைக்கும் அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. சொந்தத் தாத்தாவையே கல்லால் அடித்துக் கொன்றவளை அம்மா சும்மா விடுவாளா? இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அவன் வாயை அடைக்க வழி வேண்டுமே! பாயில் இருந்ததை எடுத்தால் அம்மா எண்ணிப் பார்ப்பாள். கோணியில் இருந்ததில் மூன்றை எடுத்துக் கொடுத்தேன். காக்காய் செத்ததையும் சொல்லக்கூடாது, வடை தின்றதையும் சொல்லக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். கொட்டையைக்கூடத் துப்பாமல் சப்பிக்கொண்டிருந்தான். நான் தின்னவில்லை. கொலை செய்த கையோடு தின்ன பயமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் வாந்தி. பிறகு பேதி. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான், கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. வைத்தியர் வந்து வாசலோடு நின்றுகொண்டு, "இன்னாடா துன்ன?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"கூழுதான்" என்றான்.

காலரா என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார். தெருவில் கதவெல்லாம் சாத்திக்கொண்டார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் தம்பி போய்விட்டான். கடைசிவரைக்கும் சொல்லவில்லை, என் தங்கம்.

ஊற்றில் மொண்ட தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்தேனே, நானே கொன்றேனே என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பாயில் கிடந்த வடைகளை அவள் தூக்கிப் போடவில்லை. விரல் பதிந்த ஒன்றைத் துணியில் முடிந்து, செல்லரித்துப் போகும்வரை வைத்திருந்தாள். ஊற்றுத் தண்ணீரைச் சாகும்வரை சபித்தாள்.

தெருவில் வேறு யாருக்கும் காலரா வரவில்லை. அது நைனாவை உறுத்தியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பாறைப் பக்கம் போனவர் கோணியையும் அதில் இருந்த வடைகளையும் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ துன்னியா?" இவ்வளவுதான் கேட்டார்.

இல்லை என்றேன். என்னை இழுத்து எலும்பு நோகும்படி கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். பிறகு அத்தனையையும் சுருட்டிக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் ஆழமாகப் புதைத்தார். அம்மாவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு வாய்த்த வீட்டுக்காரரும் தோல் கிடங்கில்தான் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். தோல்மேல் வெள்ளைத் தூளைத் தூவிக்கொண்டிருந்தார்கள். "கிட்ட வராத, பாஷாணம். கரையான் அரிக்காம இருக்கப் போடுறது" என்றார். தூக்குப் பாத்திரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா, நைனா? விஷத்தைவிட முதலாளிக்குத்தான் பிள்ளைகள் பயப்படும் என்று நினைத்துவிட்டார், பாவம். அவரும் அப்படித்தானே பயந்து வாழ்ந்தார். அன்றைக்கு அவர் பிடியில் மூச்சு முட்ட நின்றபோது, கோணி பாழாகிவிட்டதே, வேலை போய்விடுமே என்றுதான் நைனா அழுகிறார் என்று நினைத்தேன்.