மேஜை மேல் இரண்டு கால்கள்

சனிக்கிழமை சாயங்காலமானால் ஆன்சி ஸ்ரீரங்கம் கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்தருகே நிற்கிறாள். சாமி கும்பிட அல்ல, செருப்பு பார்க்க. முன்பக்கம் மட்டும் தேய்ந்த ஒற்றைச் செருப்பைக் கண்டால் போதும், அதன் சொந்தக்காரர் திரும்பி வரும்வரை நகர மாட்டாள். "பாதம் தொங்குதுடி. வெரலத் தரையில இழுத்துக்கிட்டு நடக்குறாரு, பாரு" என்பாள். கூட வந்த தோழி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆன்சி மன்னார்புரத்துப் பெண். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஆள் ஒல்லி, குரல் மட்டும் லாரி ஹாரன். கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பாள். இந்த வருஷம் அவளிடம் மூடியுள்ள பேனா ஒன்றுகூட இல்லை.

அவளும் மூன்று பையன்களும் சேர்ந்து, தொங்கும் பாதத்தை நிமிர்த்தி, முழங்கால் மடியாமல் தாங்கும் பிரேஸ் ஒன்றை வடிவமைக்கிறார்கள். உறையூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஆனந்தவள்ளிக்காக. சின்ன வயதில் போலியோ தாக்கிய கால். பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, நாள் முழுக்க நின்றே துணி தேய்க்கிறார்.

முதல் பிரேஸைக் கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரிண்டரில் ப்ளாஸ்டிக்கில் அச்செடுத்தார்கள். ஏசி லேபுக்குள் வைத்தே எல்லாச் சோதனையும் முடித்தார்கள். "இந்த ப்ளாஸ்டிக் சூடு தாங்காது" என்று ஆன்சி கத்தினாள். "ஓவரா பண்ணாத, இது போதும்" என்றான் டீம் லீடர் சுரேஷ்குமார். சித்திரை மாத மத்தியானம், கரித்தணல் பக்கத்தில் நின்ற ஆனந்தவள்ளியின் காலிலேயே அது இளகி வளைந்தது. தடுமாறிச் சாய்ந்தவரின் முன்கை இஸ்திரிப்பெட்டியில் பட்டுக் கொப்பளித்துவிட்டது.

செய்தி கேட்டு ஆன்சி ஓடினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனந்தவள்ளியோ கையில் மருந்து தடவியபடி, "உருகினது ப்ளாஸ்டிக்குதானே பாப்பா, காலு இல்லையே! அடுத்ததையாச்சும் இஸ்திரிப்பொட்டிக்குப் பயப்படாததா பண்ணு. ஒரு வாரம் முட்டியில கை வைக்காம நின்னேன் தெரியுமா? ஒரு கையால துணிய இழுத்துப் புடிச்சு, ஒரு கையால தேச்சேன். அந்தச் சொகம் போதும்னு விட மனசு வரல" என்றார்.

கரித்தணல் சூட்டுக்கு அசையாத கெட்டி ப்ளாஸ்டிக் தகடு வந்தது. ஒன்றே ஒன்று. அதை அடுப்பில் இளக்கி, காலைப் பார்த்து எடுத்த மாவுக்கட்டு அச்சின் மேல் போர்த்தினால் பிரேஸ் தயார். ஆனந்தவள்ளியின் கால் அச்சு கோணலும் மடங்கிய விரலுமாக மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொரு மாவுக்கால் முளைத்திருந்தது, நேராக, மொழுமொழுவென்று.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்" என்றான் சுரேஷ்குமார். "வெள்ளிக்கிழமை காலேஜ் ப்ராஜெக்ட் போட்டி. அந்தம்மா காலு போட்டோவுல நல்லாயிருக்காது. நானே மாட்டிக்கிட்டு மேடையில நடந்து காட்டிடுறேன். அவங்களுக்கு அடுத்த தகடு வரட்டும்."

அடப்பாவி! இரண்டு காலும் கல்லுக்குண்டாட்டம் இருப்பவனுக்கு பிரேஸ்! கையில் கொப்புளத்தோடு ஒற்றைக் காலில் நிற்பவருக்கு 'வரட்டும்'!

"அப்ப யாருக்குடா பண்றோம்?" ஆன்சி கத்தியதில் பக்கத்து லேபிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு காலுன்னு போட்டியில கேக்கப் போறதில்ல ஆன்சி. நீ தகட்டச் சூடு பண்ணிப் போத்து. மத்தத நான் பாத்துக்குறேன்." சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான். அவள் தகட்டை எடுத்து அடுப்பில் வைத்ததை, ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துவிட்டான்.

அடுப்புக்குள் பால் நிறத் தகடு மெல்லக் கண்ணாடியாகத் தெளிந்தது. அதுதான் பதம். ஆன்சி கனத்த கையுறைகளை மாட்டிக்கொண்டு தகட்டை ஏந்தி வந்தாள். நேரான காலைத் தாண்டினாள். கோணல் காலின் மேல் போர்த்தி, முறுக்கிய கணுக்காலைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"ஏய், ஏய், அது இல்ல!" வாசலில் டீ கிளாஸோடு சுரேஷ்குமார் அலறினான்.

கையுறையைத் தாண்டிச் சூடு உள்ளங்கையில் ஏறியது. தகடு இறுகும்வரை அவள் கையை எடுக்கவில்லை.