கடை அடைத்திருந்த சனிக்கிழமைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மாலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை வாசலில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். என் முதலாளியம்மா, பிளஸ் டூ படிக்கும் அவர் மகள், மம்சாபுரத்துப் பையன் ஒருவன், டிரைவரான நான்.

ராஜபாளையத்தில் மில் வைத்திருக்கும் குடும்பம் அது. அதற்கு முந்தைய வருடம்தான் பதினேழு வயது மகனைப் பைக் விபத்தில் பறிகொடுத்திருந்தார்கள். அதன்பின் வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் அவன் நாற்காலியைக்கூட மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

அவன் பைக்கில் போய்ப் படித்த அதே கணக்கு டியூஷனுக்கு, சனிக்கிழமைதோறும் பாப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் கூட்டிப்போவேன். டியூஷன் முடிந்ததும் பாப்பா அந்தக் கடைக்குப் போகும். பையன் காத்திருப்பான். அவன் பேசப் பேச அது அப்படிச் சிரிக்கும். வீட்டில் நான் பார்த்தே இராத சிரிப்பு. எனக்கோ பயம். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு மாதம் தூக்கம் கெட்டு, கடைசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் பாப்பாவைக் கூட்டிவரக் கிளம்பும்போது அவரும் காரில் ஏறி, "போங்கண்ணே" என்றார்.

எங்களைப் பார்த்ததும் பாப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையன் ஓடவில்லை. அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாராவாரம் அப்படி என்னய்யா பேசுவீக?" என்றார் அம்மா.

"உங்க மகனைப் பத்திதாம்மா. டியூஷன்ல நானும் அவனும் ஒரே பெஞ்சு."

"அவனைப் பத்தி என்ன?"

பையன் கடையைக் காட்டினான். "பால்கோவா வாங்கியாரச் சொல்லி ரூவா குடுப்பீகளாம்லம்மா. அரைக்கிலோவையும் இங்கனயே தின்னுட்டு, கடை அடைச்சிருந்துச்சுன்னு வீட்ல வந்து சொல்லுவான்."

"அடப்பாவி! நாலு சனிக்கிழமை சொன்னானே! நீயும் தின்னியாக்கும்?"

"கால் கிலோம்மா."

அம்மா சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பாப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டது.

"ஏட்டி, எங்கிட்ட ஏன் இதெல்லாம் பேசலை?"

"நீ அழுவியேன்னுதாம்மா."

"இவனைப் பிடிச்சிருக்கா?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டது.

"மொதல்ல படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் தெருவுல நிக்காதீக, வீட்ல வந்து பேசுங்க. எனக்கும் கேக்கணும்."

திரும்பும் வழியில், "அண்ணே, உங்களுக்கு அவனைப் பத்தி ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார். ஒரு பழியை நான் என் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். மில் கேட்டில் காரை இடித்தது நானில்லை, எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்த அவர் மகன்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அதுவும் அவந்தானா!" என்று தாயும் மகளும் ராஜபாளையம் வரும்வரை சிரித்தார்கள்.

காட்டிக்கொடுக்கத்தான் போனேன் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், பயத்தை விழுங்கிக்கொண்டு, போனவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு குறும்பையாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.