துணி காயப்போட நட்ட குச்சி

போன மாசி மாதம் எங்கள் சந்தில் எனக்குத் திடீரென்று மரியாதை கூடியது. கல்கத்தாவின் டாலிகஞ்சில் சினிமா ஸ்டுடியோக்களுக்குப் பின்னால், பிரிவினையில் எல்லை தாண்டி வந்தவர்கள் குடியேறிய பழைய காலனி இது. ஸ்டுடியோவில் செட் போடுவது என் வேலை. ஒட்டுப்பலகையில் சுவர் செய்து, செங்கல் நிறம் அடித்து, மறுவாரம் அதை நானே உடைப்பேன். ஒன்றரை வருடமாக இந்தச் சந்தில் போய்வந்தும், கிளப் வாசலில் கேரம் ஆடும் பையன்கள் பலகையைவிட்டுத் தலை தூக்கி என்னைப் பார்த்ததில்லை. இப்போது எழுந்து நின்றார்கள். “கீ தாதா, பாலோ?” என்று நலம் விசாரித்தார்கள். ஒருவன் கண்ணடித்தான். அதே வாரத்தில்தான் மாஷிமா என் கதவருகே காலையில் வைக்கும் தேநீரை நிறுத்தினார். மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி; வீட்டுக்கார அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுபது வயது, தனியாள், பின்கட்டில் ஒரு அறையை எனக்கு விட்டிருக்கிறார். தெரு முழுக்கப் பெரிய மனிதனாகி, வீட்டில் மட்டும் வேண்டாதவனாகிப்போனேன். காரணம் எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் தெரிந்தது. மாஷிமா பேசுவது வங்காளம், நான் பதில் சொல்வது பாதி வங்காளம் பாதி இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“முருகேஷ், ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள அந்தச் செடி இருக்கக்கூடாது. இருந்தா நீ இருக்கக்கூடாது. இது மானமா வாழுற வீடு.”

“எந்தச் செடி மாஷிமா?”

“ஓ மா! என் கொல்லையில கஞ்சா வளர்த்துட்டு எந்தச் செடின்னு கேக்குறதப் பாரு!”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் சொன்னது எங்கள் ஊர்க் குச்சிக்கிழங்குச் செடியை. மலையாளிகளுக்கு அது கப்பை, பாடப்புத்தகத்தில் மரவள்ளி. விரித்த கைபோல ஏழு விரல் இலை. கஞ்சாவை சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது கஞ்சாதான். கிளப் பையன்கள் சுவரேறி இலை பறித்து, காயவைத்து, ஒரு வாரம் புகைத்திருக்கிறார்கள். இருமல் ஒன்றுதான் கிடைத்தது. அப்படியும் என்மேல் மரியாதை குறையவில்லை. காயவைத்த பக்குவம் சரியில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்களாம்.

நான் அதை வளர்க்கவேயில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, திருப்பூர், மும்பை, விசாகப்பட்டினம் என்று சுற்றிய எனக்கு இங்கே வரும்வரை எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக ஓடியதில்லை. செடி வைக்கிறவனுக்கு அது பூக்கும்வரை இருக்கும் எண்ணம் வேண்டும். போன வருடம் வைகாசியில் ஆத்தூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது என் பை கிழிந்துபோயிற்று. அக்கா இரண்டு குச்சிகளை வெட்டி, பைக்கு இருபுறமும் வைத்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். ஹவுராவில் இறங்கி அறைக்கு வந்ததும், அதே குச்சிகளைக் கொல்லையில் ஊன்றி, அதே கயிற்றைக் கட்டித் துணி காயப்போட்டேன். ஆனி மழை பெய்தது. ஒருநாள் என் லுங்கிக்குப் பக்கத்தில் ஒரு தளிர் எட்டிப்பார்த்தது. முளைக்கிற சாதிக் குச்சி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிடுங்கச் சோம்பல், விட்டுவிட்டேன்.

இந்தக் கிழங்கை விதை போட்டு யாரும் பயிர் செய்வதில்லை. தண்டைச் சாண் அளவுக்கு வெட்டி நடுவார்கள். நாலு ஏக்கர் காட்டில் வரிசையாக நிற்பதெல்லாம் உண்மையில் ஒரே செடிதான். ஒரே உடம்பு, ஒரே ருசி. ஒன்றுக்குச் சீக்கு வந்தால் அத்தனைக்கும் வரும். அந்தக் காடுகளில் நான் கூலிக்குக் குச்சி வெட்டியிருக்கிறேன். ரகங்களுக்கு முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து, பர்மா என்று பெயர். பர்மா ரகத்தை பர்மாவிலிருந்து கொண்டுவந்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பர்மாக்காரர்களுக்கு அது என்ன பெயரில் போயிற்றோ. இதன் பூர்வீகம் தென்னமெரிக்கா என்றும், போர்த்துக்கீசியர் கப்பலில் ஆப்பிரிக்காவுக்கும் நம் கரைக்கும் வந்தது என்றும் படித்தவர்கள் சொல்கிறார்கள். குச்சி கப்பலில் வந்திருக்கும்போது ரயிலில் வருவது பெரிய விஷயமில்லை.

மாஷிமாவிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்? “மண்ணுக்கடியில கிழங்கு இருக்கு” என்றேன். “காட்டு” என்றார். அங்கேதான் இடித்தது. கொல்லை மண்ணில் பாதி செங்கல் சல்லி. ஒன்பது மாதத்தில் கை பருமனுக்குக் கிழங்கு வைத்திருக்க வேண்டும்; வைக்காமல் வேர் மட்டும் இருந்தால் கிழங்குச் செடி என்று நான் சொன்னது பொய்யாகிவிடும். வேறு ஊராக இருந்தால் அன்றே பையைக் கட்டியிருப்பேன். இங்கே போக மனம் வரவில்லை. அந்தத் தேநீர்தான் காரணமாக இருக்க வேண்டும். மும்பையில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்தோம், ஒருவனுக்கும் என் பெயர் தெரியாது.

வியாழக்கிழமை கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. இரண்டு சந்து தள்ளி வாடகைக்கு இருக்கும் நைஜீரியக் கால்பந்து வீரர், பெயர் சினெடு. இங்கே ‘கெப்’ என்று ஒன்று உண்டு: ஒருநாள் கூலிக்கு, கூப்பிட்ட ஊருக்குப் போய், கூப்பிட்ட அணிக்கு ஆடுவது. அதுதான் அவர் பிழைப்பு. தினமும் பயிற்சிக்கு அந்த வழியாகப் போகிறவர், அன்று நின்றுவிட்டார். கை நீட்டி, தெரிந்தவர் தோளைத் தொடுவதுபோல இலைக்காம்பைத் தொட்டார்.

“பிரதர், இத இங்க யார் கொண்டுவந்தது?”

“நான்தான். துணி காயப்போட.”

“கசாவா!” என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அம்மாவின் தோட்டம் முழுக்க இதுதானாம். என் ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அவர் ஊரை வரைபடத்தில் காட்ட எனக்குத் தெரியாது. ஆனால் கொல்லையில் நின்ற செடி இருவருக்கும் வீட்டு ஆள். ஜன்னலிலிருந்து மாஷிமாவின் குரல் வந்தது: “பாரு, வாங்குறவனும் வந்தாச்சு!”

சினெடுவுக்கு வங்காளம் என்னைவிட நன்றாக வரும். சுருங்கிப்போன முகத்தைச் சரிசெய்துகொண்டு, “மாஷிமா, இந்த ஊர்ல என்னைப் பார்த்தா எல்லாரும் கஞ்சா இருக்கான்னுதான் கேக்குறாங்க. நான் சோறு கேக்க வந்தேன்” என்றார். மாஷிமா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஞாயிறு காலை தோண்ட வருவதாகச் சொல்லிவிட்டு சினெடு போனார்.

அவர் போனபின்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கிழங்கில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்பு ரகத்தில் நஞ்சு அதிகம். பக்குவம் தெரியாமல் தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நீ குடுத்தது ஆலைக் குச்சியா, வீட்டுல அவிக்கிற குச்சியா?”

“ரெண்டுமில்லடா. வேலியோரமா காய் வெடிச்சு விதை விழுந்து தானா மொளச்சது. மூட்டை கட்டக் குச்சி கேட்டே, கைக்கு வந்தத வெட்டிக் குடுத்தேன்.”

“தின்னு பாத்திருக்கியா?”

“நான் எதுக்குடா திங்கறேன்? எனக்குப் பிள்ளைங்க இருக்குது.”

எப்போதோ ஒருமுறை இந்தச் செடி பூத்துக் காய்த்து விதை போடும். விதையில் முளைத்தது தாயைப்போல இருக்காது. தனி ஆள், தனிக் குணம். புது ரகங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. அப்படியென்றால் என் கொல்லையில் நின்றது உலகத்தில் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்காத கிழங்கு.

முளைத்து நின்ற இரண்டில் ஒரு செடியை ஞாயிறு காலை பிடுங்கினோம். சினெடு இழுக்க, நான் சல்லியைக் கிளற, நாலு கிழங்கு வந்தது. செங்கல்லுக்கு வளைந்து கொடுத்து, கோணல்மாணலாக, ஆனால் கிழங்குதான். கஞ்சாப் பழி அங்கேயே தீர்ந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “தோல் சீவி, ரெண்டு தண்ணி மாத்தி அவிச்சா ஆச்சு” என்றேன். “பைத்தியமா உனக்கு? துருவணும், இல்ல மூணு நாள் ஊறப்போடணும். இல்லேன்னா விஷம்” என்றார் சினெடு. ஒருவர் சமையலில் அடுத்தவர் செத்துப்போவார் என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில் சண்டை போட்டோம். ‘ஜெஹர்’ என்ற சொல் நாலைந்து தடவை வந்தபோது மாஷிமா வாசற்படியில் நின்றிருந்தார்.

“முதல்ல கஞ்சா. இப்ப விஷமா?”

பாதியை என் வழியில் அவிப்பது, பாதியை அவர் வழியில் ஊறப்போடுவது என்று முடிவானது. பச்சைக் கிழங்கில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினேன், கசக்கவில்லை. ஆனாலும் இரண்டு தண்ணீருக்கு மூன்று தண்ணீர் மாற்றி அவித்து, உப்புப் போட்டு, ஒரு துண்டை நான் தின்றேன். சினெடு நடுவர்போல மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்து, “இன்னும் அஞ்சு நிமிஷம், கூடுதல் ஆட்டம்” என்றார். பிறகு அவரும் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“சினெடு?”

“பேசாதே பிரதர். வீட்டுல இருக்கேன்.”

மாஷிமா வந்து ஒரு விள்ளல் எடுத்து மென்றார். “உருளைக்கிழங்குதான். கொஞ்சம் கர்வம் புடிச்ச உருளைக்கிழங்கு. இதையா வெறும் உப்புல திம்பீங்க?” என்று பாத்திரத்தோடு சமையலறைக்குப் போய், கசகசா அரைத்துவிட்டு, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, கடுகெண்ணெயில் வதக்கிக் கொண்டுவந்தார். கசகசாவுக்கு இங்கே போஸ்தோ என்று பெயர்; அது இல்லாமல் வாரம் கழியாது. கசகசா எந்தச் செடியின் விதை என்று அவருக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன். “அபின் செடிதான். அதுக்கென்ன? போஸ்தோ சாப்பாடு” என்றார். தென்னமெரிக்காவிலிருந்து மிளகாய் வந்த கதையைத் தொடங்கினேன். தட்டைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். ஊறப்போட்ட பாதி மூன்றாம் நாள் சந்து முழுக்க நாறியது. அதை இடித்துக் கிளறி சினெடு உருட்டிய வெள்ளை உருண்டையை மாஷிமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தின்றார். கிளப் பையன்களுக்குத்தான் ஏமாற்றம். மறுநாள் கேரம் பலகையிலிருந்து ஒரு தலையும் நிமிரவில்லை. கதவருகே தேநீர் இருந்தது.

பிடுங்கிய செடியின் தண்டை மூன்றாக வெட்டினோம். எங்கள் வழக்கப்படி நான் நேராக நட்டேன், தன் அம்மா வழக்கப்படி சினெடு சாய்த்து நட்டார். இருவரையும் நம்பாத மாஷிமா மூன்றாவதைப் படுக்கப்போட்டு மூடினார். கோடைமழையில் மூன்றும் முளைத்தன. அடுத்த வீட்டம்மாளுக்கு அதை மாஷிமா ‘மாத்ராஜி ஆலு’, அதாவது மதராஸி உருளை, என்று அறிமுகம் செய்கிறார். நான் மெட்ராஸில் மொத்தம் நாலு நாள் இருந்திருப்பேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவரும் பரிசாலைத்தான் தன் ஊர் என்பார். எல்லைக்கு அந்தப்பக்கம் வங்கதேசத்தில் இருக்கும் அந்த ஊரை அவர் பார்த்ததே கிடையாது, பிறந்தது இதே வீட்டில்.

இந்த ஆனியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. சாலையை அகலப்படுத்தியதில் வேலி போயிற்றாம், வேலியோரச் செடியும் போயிற்றாம். “இனிப்புன்னு சொன்னியே, வரும்போது ரெண்டு குச்சி எடுத்துட்டு வாடா. கல்கத்தாக் குச்சின்னு நாலு பேருக்குக் குடுக்கலாம்” என்றாள். இங்கே மாத்ராஜி, அங்கே கல்கத்தா. அந்தக் குச்சியை அதன் சொந்தப் பெயரில் கூப்பிட ஒருவரும் இல்லை.

இன்று மாலை ஊருக்கு வண்டி. பிடுங்காமல் விட்ட பழைய செடியிலிருந்து இரண்டு குச்சி வெட்டி, பைக்கு இருபுறமும் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கட்டக் கயிறு வேண்டும். அக்கா கட்டிக்கொடுத்த அந்தக் கயிறு இப்போது ஒரு முனையில் செடியிலும் மறுமுனையில் மாஷிமாவின் ஜன்னல் கம்பியிலும் கட்டியிருக்கிறது. அவிழ்க்கப் போனேன். கயிறு முழுக்க மாஷிமாவின் மூன்று சேலைகளும் சினெடுவின் மஞ்சள் பனியனும் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்குகின்றன. எப்போது காயும் என்று கேட்டேன். மேகத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கென்ன தெரியும்” என்றார் மாஷிமா. கையில் இரண்டு குச்சியோடு நின்றுகொண்டிருக்கிறேன்.