நூர்ஜஹானுக்குப் பிரஷர் பார்த்த நாட்கள்

கையில் சுற்றும் அந்தத் துணிப்பட்டைக்குள் இருக்கும் ரப்பரின் வாசனை... வெயிலில் காய்ந்த சைக்கிள் டியூப் மாதிரி இருக்கும். பிரஷர் பெட்டியைத் திறந்தால் மூடி கிறீச்சென்று கத்தும். மரக்காணத்து உப்புக்காற்று எந்தக் கீலைத்தான் விட்டுவைத்தது?

நர்ஸிங் முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் காலையில் மட்டும் வருவார். மதியத்துக்கு மேல் நான்தான் எல்லாம். ஜன்னலுக்கு வெளியே உப்பளம், கண் கூசும்.

நூர்ஜஹான் அங்கே பழக்கமானவள். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்து மருமகள். கணவர் ஷார்ஜாவில். தலைப்பிரசவம். மாதாமாதம் மாமியாரோடு செக்கப்புக்கு வருவாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஆனாலும் நான் "அக்கா".

சும்மா இருக்க மாட்டாள். எதைப் பார்த்தாலும் கேள்வி.

"ஏங்க்கா, இதுல எதுக்கு பாதரசம்? தண்ணி ஊத்தினா ஆகாதா?"

"ஆகும். ஆனா பாதரசம் தண்ணியவிட பதிமூணு பங்குக்கு மேல வெயிட்டு. அதனாலதான் உன் ரத்தம் தள்ற தள்ளுக்கு ஒரு சாண்கூட ஏறாம நிக்குது. தண்ணியா இருந்தா ஆள் உசரத்துக்குக் குழாய் வேணும்."

அவள் சிரித்த சிரிப்பு வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

பட்டையில் காற்றடித்தால் கை இறுகும். ஹோஸ் பைப்பை மிதித்த மாதிரி, ரத்தம் நின்றுவிடும். பிறகு காற்றை மெல்ல விட வேண்டும். ரத்தம் அந்தக் காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வருகிற நொடியில் ஸ்டெதாஸ்கோப்பில் 'டப்... டப்...' என்று ஆரம்பிக்கும். அப்போது பாதரசம் நிற்கிற கோடு மேல் பிரஷர். சத்தம் அடங்குகிற கோடு கீழ் பிரஷர்.

இதைச் சொன்னபோது நூர்ஜஹான், "அப்போ ரத்தத்துக்கும் காத்துக்கும் மல்லுக்கட்டுன்னு சொல்லுங்க" என்றாள்.

எட்டாவது மாதம்... நல்ல மழைக்காலம். ஒரு சாயங்காலம் மாமியாரோடு வந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது. முகம் உப்பியிருந்தது.

"தலை வலிக்குதுக்கா... கண்ணு முன்னாடி என்னமோ பூச்சி பறக்குற மாதிரி இருக்குது."

பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். நூற்றெழுபதிலேயே சத்தம் கேட்டது.

"உன் மெஷின்ல கோளாறு இருக்கும்மா" என்றார் மாமியார். "புள்ளதாச்சிக்கு மூஞ்சி வீங்குறது சகஜம்தான்."

எனக்கும் அது கோளாறாக இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. காற்றை முழுசாக விட்டேன். பாதரசம் ஒழுங்காகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. கை கீழே தொங்கினால் அந்த ரத்தத்தின் கனமும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். அதனால் தலையணை வைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். அதே நூற்றெழுபது. இன்னொரு கையிலும் அப்படியே.

டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே பாண்டிக்கு அனுப்பும்மா" என்றார்.

மாமியார் அசையவில்லை. "அங்க போனா வயித்த அறுத்துடுவாங்க. எம் புள்ளையும் ஊர்ல இல்ல. அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? காலையில டாக்டர் வரட்டும்."

காலை வரை விட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நம்ப வைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ... ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன்.

"சத்தம் கேட்டா சொல்லுங்கம்மா."

முதலில் என் கையில் சுற்றிக் காற்றடித்து, மெல்ல இறக்கினேன். பாதரசம் நன்றாகக் கீழே இறங்கிய பிறகுதான், "ஆங்... கேக்குது" என்றார். நூற்றுப் பத்து. அடுத்து நூர்ஜஹானின் கை. பாதரசம் மேலே இருக்கும்போதே அவர் கண் விரிந்தது.

"யா அல்லாஹ்... இப்பவே கேக்குதே!"

அவ்வளவுதான். எழுந்துவிட்டார். கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு வேன் கொண்டுவரச் சொன்னார்.

நானும் பெட்டியோடு ஏறிக்கொண்டேன். மழை. வைப்பர் பாதி கண்ணாடியைத்தான் துடைத்தது. நூர்ஜஹான் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். மாமியார் அவள் தலையை மடியில் வைத்து ஓதிக்கொண்டே வந்தார். நான் வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். மறுநாள் ஆபரேஷன். பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு நான் தினமும் போய்ப் பார்க்க, நூர்ஜஹானின் பிரஷரும் மெல்ல இறங்கியது. அவள் கணவர் தினமும் ஷார்ஜாவிலிருந்து என்னைக் கூப்பிட்டு, கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி, "சிஸ்டர், இன்னிக்கு எவ்ளோ?" என்பார்.

இப்போது அந்தக் குழந்தை காலேஜில் படிக்கிறாள். நூர்ஜஹானும் ஷார்ஜாவில்தான். நான் திண்டிவனத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில். பாதரசப் பெட்டியை எடுத்துவிட்டார்கள்... அது உடைந்தால் விஷம், எடுத்தது சரிதான். பட்டனை அழுத்தினால் மெஷினே காற்றடித்து, மெஷினே நம்பர் சொல்கிறது. ஒரு ஆளைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அப்போதெல்லாம் பிரஷர் பார்க்க வந்தால் நூர்ஜஹான் அரைமணி நேரம் உட்கார்ந்து கதை பேசாமல் போக மாட்டாள்.

அவளும் வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஆனால் நம்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் போடுவேன்.

போன வாரமும் போட்டேன். உடனே போன் அடித்தது.

"ஏங்க்கா, கட்டவிரல் போடுறதுக்கா போட்டோ அனுப்புறேன்? நம்பர் சரியா இருக்குதுன்னு எனக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு நூரு அனுப்புற?"

"அதப் பாத்தாவது நீங்க ஒரு போன் பண்ணுவீங்கன்னுதான்."

சாப்பிட உட்கார்ந்திருந்தவள், தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அன்றைக்குப் பேசி முடித்தபோது தட்டில் போட்ட சோறு ஆறிக் கிடந்தது...